பட்டியலில் அடிக்கப்பட்ட பெயர்



மலருக்கு ஒரு தலைவரின் வாழ்க்கையை எழுதித் தா என்று மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டபோது காந்தி, காமராசர், பாரதி, அப்துல் கலாம் என்று எல்லாரையும் மற்றவர்கள் ஏற்கெனவே பிடித்து வைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் நானாகத் தேடி எடுத்தவர் சுரேந்திரநாத் பானர்ஜி. பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் ஒரே ஒரு வரியில் வந்து போகிற பெயர். காங்கிரஸின் ஆரம்ப காலத் தலைவர், மிதவாதி, அவ்வளவுதான். இரண்டு மார்க் கேள்விக்கு மேல் அவரை யாரும் நினைப்பதில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பரீட்சைக் கதை இருக்கிறது. ஹால் டிக்கெட் கையில் வந்தாலே வயிற்றில் புளி கரைக்கிற நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

பரீட்சை வந்த விதம்

முதலில் பரீட்சையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இந்தியாவை ஆள வந்த அதிகாரிகள் பரீட்சை எழுதிப் போட்டியில் ஜெயித்து வந்தவர்கள் இல்லை. கம்பெனி டைரக்டர்கள் தங்களுக்கு வேண்டியவர்களின் பிள்ளைகளை நியமிப்பார்கள். அந்தப் பிள்ளைகள் ஹெய்லிபரி என்ற கல்லூரியில் படித்துவிட்டுக் கப்பல் ஏறுவார்கள். சுத்தமாகச் சொன்னால் சிபாரிசு. 1853ஆம் ஆண்டுச் சட்டம் இந்தச் சிபாரிசுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மெக்காலே தலைமையிலான குழு 1854இல் திட்டம் தீட்ட, 1855இல் லண்டனில் முதல் போட்டித் தேர்வு நடந்தது. அதுதான் ஐ.சி.எஸ்.

பிறப்பைப் பார்க்காமல் மார்க்கைப் பார்த்து வேலை கொடுப்பது அந்தக் காலத்துக்குப் பெரிய புரட்சி. இந்தியர்களும் எழுதலாம் என்று விதி இருந்தது. ஆனால் பரீட்சை லண்டனில் மட்டும்தான். இங்கிருந்து போக வாரக்கணக்கில் கடல் பயணம், கையில் ஏராளமான பணம், கடல் தாண்டினால் சாதி விலக்கு. இதையெல்லாம் தாண்டி 1863இல் முதன்முதலில் தேறிய இந்தியர் சத்யேந்திரநாத் தாகூர், கவி ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன். அவர் தேறிய கொஞ்ச நாளிலேயே சமஸ்கிருதம், அரபு மொழிகளுக்கு இருந்த மார்க்கைக் குறைத்தார்கள். லத்தீனும் கிரேக்கமும் உயரத்திலேயே இருந்தன. வயது வரம்பும் 23, 22, 21 என்று படிப்படியாக இறங்கியது. கதவு திறந்துதான் இருந்தது, வாசல்படியைத்தான் உயர்த்திக்கொண்டே போனார்கள்.

கல்கத்தாவிலிருந்து லண்டனுக்கு

சுரேந்திரநாத் 1848 நவம்பர் 10 அன்று கல்கத்தாவில் பிறந்தார். அப்பா துர்காசரண் பானர்ஜி பெயர் பெற்ற டாக்டர். மகன் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்ததும் ஐ.சி.எஸ். எழுத லண்டனுக்கு அனுப்பத் துணிந்தவர் அவர்தான். 1868 மார்ச் 3ஆம் தேதி மூன்று இளைஞர்கள் ஒன்றாகக் கப்பல் ஏறினார்கள். சுரேந்திரநாத், ரமேஷ் சந்திர தத், பிஹாரிலால் குப்தா. மூவருக்கும் இருபதை ஒட்டிய வயது. நம்ம வயதுதான் நண்பர்களே!

1869இல் தேர்வு எழுதினார்கள். மூவரும் பாஸ். பம்பாயைச் சேர்ந்த ஸ்ரீபாத பாபாஜி தாக்கூர் என்ற இன்னொரு இந்தியரும் பாஸ். ஒரே ஆண்டில் நான்கு இந்தியர்கள்! அதற்கு முன்பு மொத்தமே ஒருவர்தான் தேறியிருந்தார் என்றால் இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

சந்தோஷம் நெடுநாள் நீடிக்கவில்லை. சுரேந்திரநாத்தின் வயதில் சந்தேகம் என்று தேர்வு ஆணையர்கள் கிளப்பினார்கள். 1863இல் அவர் மெட்ரிகுலேஷன் எழுதியபோது வயது 16 என்று பதிவாகியிருந்தது. அந்தக் கணக்குப்படி 1869இல் அவர் 21ஐத் தாண்டிவிட்டார், ஆகவே தகுதி இல்லை என்பது அவர்கள் வாதம். ஸ்ரீபாத தாக்கூருக்கும் இதே பிரச்சினை. இருவர் பெயரும் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டன.

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அவர் பொய் சொன்னாரா? இல்லை. நம்ம ஊரில் பாட்டியிடம் பையனுக்கு என்ன வயசு என்று கேட்டுப் பாருங்கள். பதினாறு நடக்குது என்பார்கள். பதினாறு முடிஞ்சுது என்பது வேறு. வங்காளத்திலும் அன்றைக்கு நடக்கிற வயதைத்தான் வயது என்று சொன்னார்கள். 1848 நவம்பரில் பிறந்தவருக்கு 1863 டிசம்பரில் பதினைந்து முடிந்து பதினாறு நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் முடிந்த வயதுதான் வயது. இரண்டு கணக்கும் சரி, ஆரம்பிக்கிற இடம்தான் வேறு.

நம்ம பாஷையில் சொன்னால் இது ஜீரோ எரர். முதலாம் ஆண்டு லேபில் வெர்னியர் காலிப்பரை எடுத்ததும் வாத்தியார் முதலில் என்ன பார்க்கச் சொன்னார்? இரண்டு தாடையையும் மூடி, சுழி சுழியோடு பொருந்துகிறதா என்று பார்க்கச் சொன்னார். பொருந்தாவிட்டால் அந்தக் கருவியைத் தூக்கி எறிவதில்லை, எடுத்த அளவையும் பொய் என்று சொல்வதில்லை. பிழையைக் கழித்துவிட்டு அளவை எழுதுகிறோம். அப்படிக் கழிப்பது சலுகை இல்லை, திருத்தம். ஆணையர்கள் அந்தத் திருத்தத்தைச் செய்ய மறுத்தார்கள்.

இருபது வயதுப் பையன், அந்நிய தேசம், எதிரே பிரிட்டிஷ் அரசாங்கம். நானாக இருந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்திருப்பேன். சுரேந்திரநாத் லண்டன் குயின்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்துக்குப் போனார். இந்தியாவில் வயது கணக்கிடும் முறை என்ன என்பதற்கு இங்கிருந்து சாட்சியங்கள் திரட்டப்பட்டன. கல்கத்தாவின் பெரியவர்கள் பலர் அவருக்குத் துணை நின்றார்கள். நீதிமன்றம் ஆணையர்களிடம் விளக்கம் கேட்டது. கடைசியில் அடிக்கப்பட்ட இரண்டு பெயர்களும் திரும்பப் பட்டியலில் ஏறின. அவர் கேட்டது ஒரு மார்க் கூட அதிகம் இல்லை. தன் வயதைச் சரியாக அளக்கும்படி கேட்டார், அவ்வளவுதான்.

ஆனால் இதற்கு நடுவில் கல்கத்தாவில் அப்பா காலமாகிவிட்டார். மகன் அதிகாரியாகத் திரும்பி வருவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வேலையும் போனது

1871இல் இறுதித் தேர்வும் முடித்து, இன்று பங்களாதேஷில் இருக்கும் சில்ஹெட் ஊருக்கு உதவி மாஜிஸ்ட்ரேட்டாக வந்தார். ஐ.சி.எஸ். என்றால் அன்றைக்கு ராஜபோகம். ஆனால் அந்த வாழ்க்கை மூன்று வருஷம்கூட நிலைக்கவில்லை. ஒரு படகுத் திருட்டு வழக்கில், தலைமறைவாகாத ஒரு பிரதிவாதியின் பெயரைத் தலைமறைவானவர்கள் பட்டியலில் சேர்த்த உத்தரவில் அவர் கையெழுத்து இருந்தது. குமாஸ்தா வைத்த காகிதக் குவியலில் பார்க்காமல் போட்ட கையெழுத்து என்பது அவர் தரப்பு. விசாரணைக் கமிஷன் அதை ஏற்கவில்லை. 1874இல் வேலையிலிருந்து நீக்கினார்கள். கருணைத் தொகையாக மாதம் 50 ரூபாய்.

அவர் பக்கம் குற்றமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுவது ஒரு மாஜிஸ்ட்ரேட்டுக்கு அழகில்லை. ஆனால் இளம் அதிகாரியின் இந்தத் தவறுக்கு வாழ்நாள் தண்டனையா என்று அன்றைக்கே பலர் கேட்டார்கள். அவர் மறுபடியும் லண்டன் போய் முறையிட்டார், பலிக்கவில்லை. சரி, பாரிஸ்டராகவாவது ஆகலாம் என்று பார்த்தால், பதவி நீக்கப்பட்டவர் என்று காரணம் காட்டி அந்தக் கதவையும் சாத்தினார்கள். 1875இல் வெறுங்கையோடு கல்கத்தா திரும்பினார். வயது 26.

அப்போது அவருக்குக் கை கொடுத்தவர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர். தமது மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் மாதம் 200 ரூபாய் சம்பளத்தில் ஆங்கிலப் பேராசிரியர் வேலை கொடுத்தார். அதிகாரியாக இருக்க வேண்டியவர் வாத்தியார் ஆனார். சுமார் முப்பத்தேழு ஆண்டுகள் அந்தத் தொழிலில் இருந்தார். பின்னாளில் அவர் வளர்த்த ரிப்பன் கல்லூரி இன்றும் கல்கத்தாவில் சுரேந்திரநாத் கல்லூரி என்ற பெயரில் நடக்கிறது.

ஒருவருக்கான நியாயம் எல்லாருக்கும்

1876 ஜூலை 26 அன்று ஆனந்தமோகன் போஸ் முதலிய நண்பர்களோடு சேர்ந்து இந்தியச் சங்கத்தைத் தொடங்கினார். அன்று காலையில்தான் அவருடைய குழந்தை இறந்துபோயிருந்தது. அந்தத் துக்கத்தோடு மாலைக் கூட்டத்துக்கு வந்தார்.

சங்கம் தொடங்கிய கையோடு பெரிய போராட்டம் ஒன்று வந்தது. இந்தியா மந்திரி சாலிஸ்பரி பிரபு ஐ.சி.எஸ். வயது வரம்பை 21இலிருந்து 19ஆகக் குறைத்தார். மேலோட்டமாகப் பார்த்தால் இதில் பாரபட்சமே தெரியாது. வெள்ளைக்காரப் பையனுக்கும் 19, நம்ம பையனுக்கும் 19. ஆனால் யோசித்துப் பாருங்கள். பதினாறு வயதில் மெட்ரிகுலேஷன் முடிக்கிற இந்தியப் பையன் பதினேழு வயதில் தனியாகக் கடல் தாண்டிப் போய், அந்நிய மொழியில் அந்நியப் பாடங்களைப் படித்து, அந்த நாட்டுப் பையன்களோடு போட்டி போட வேண்டும். பி.ஏ. முடித்துவிட்டுப் போகிற பேச்சே கிடையாது. எல்லாருக்கும் ஒரே விதி என்பதாலேயே அது நியாயமாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1877 மார்ச்சில் கல்கத்தா டவுன் ஹாலில் பெரிய கூட்டம் நடந்தது. பிறகு சுரேந்திரநாத் ரயில் ஏறினார். ஆக்ரா, டெல்லி, லாகூர், அமிர்தசரஸ், மீரட், அலகாபாத், லக்னோ, காசி என்று வட இந்தியா முழுக்கச் சுற்றினார். அடுத்த சுற்றில் பம்பாய், பூனா, நம்ம சென்னை. ஒரே கோரிக்கைக்காக இந்தியாவின் நாலா பக்கமும் போய்ப் பேசிய அரசியல் பயணம் அதற்கு முன்பு நடந்ததில்லை என்கிறார்கள். காங்கிரஸ் பிறப்பதற்கு எட்டு வருஷம் முன்பு நடந்தது இது. வெவ்வேறு மொழி பேசுகிற படித்தவர்களை ஒரே குரலில் பேச வைத்த முதல் விஷயங்களில் ஒன்று ஒரு பரீட்சை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவர் கேட்டவை இரண்டு. வயது வரம்பை உயர்த்து. லண்டனில் நடக்கிற அதே பரீட்சையை அதே நேரத்தில் இந்தியாவிலும் நடத்து. வினாத்தாள் அதே, மார்க் அதே, தரவரிசைப் பட்டியல் ஒன்றே. எங்களுக்குத் தனியாக எளிதான தாள் கொடு என்று அவர் கேட்கவே இல்லை.

1879இல் லால்மோகன் கோஷ் என்ற வக்கீல் இந்த மனுவை லண்டனுக்குக் கொண்டுபோய்ப் பேசினார். அரசாங்கம் பதிலுக்கு வேறு ஒன்றைக் கொடுத்தது. நல்ல குடும்பத்துப் பிள்ளைகளைப் பார்த்து நியமிக்கும் ஒரு புதுச் சர்வீஸ். அதாவது எந்தச் சிபாரிசை ஒழிக்கப் பரீட்சை வந்ததோ அதே சிபாரிசு கொல்லைப்புறமாக நுழைந்தது. அந்தத் திட்டம் யாரையும் திருப்திப்படுத்தவில்லை, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மறைந்தும் போனது. 1886இல் அமைந்த ஐட்சிசன் கமிஷனுக்குப் பிறகு வயது வரம்பு 23க்கு உயர்ந்தது. முதல் கோரிக்கை வெற்றி!

இரண்டாவது கோரிக்கைதான் இழுத்தது. 1893 ஜூன் மாதம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் இரு நாடுகளிலும் ஒரே நேரத்தில் தேர்வு என்ற தீர்மானம் 84க்கு 76 என்று நிறைவேறியது. ஆனால் மாகாண அரசுகளிடம் கருத்துக் கேட்டபோது சென்னை அரசு ஒன்றைத் தவிர மற்றவை எதிர்த்தன. இந்தியர்கள் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிவிடுவார்கள், தரம் போய்விடும் என்பது ஒரு சாக்கு. தீர்மானம் கிடப்பில் போடப்பட்டது.

சுரேந்திரநாத் விடவில்லை. 1895இல் பூனாவிலும் 1902இல் அகமதாபாத்திலும் காங்கிரஸ் தலைவர் ஆனார். இதற்கிடையில் 1883இல் தமது பெங்காலி பத்திரிகையில் ஒரு நீதிபதியை விமர்சித்ததற்காக இரண்டு மாதம் ஜெயிலுக்கும் போய் வந்தார். வங்கப் பிரிவினையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். ஆங்கிலேயர்கள் அவர் பெயரையே உடைத்து சரண்டர் நாட் என்று கூப்பிட்டார்களாம். சரணடையாதவர் என்று அர்த்தம்.

எல்லாம் புகழாகவே முடிந்ததா என்றால் இல்லை. 1921இல் சர் பட்டம் பெற்று வங்காள அரசில் மந்திரியானபோது, ஒத்துழையாமை இயக்கத்தில் இருந்த இளைஞர்கள் அவரைக் கடுமையாக வெறுத்தார்கள். 1923 தேர்தலில் விதான் சந்திர ராய் என்ற இளம் டாக்டரிடம் தோற்றார். 1925 ஆகஸ்ட் 6 அன்று காலமானார். காலம் அவரைத் தாண்டிப் போய்விட்டது என்று சொல்வார்கள். இருக்கலாம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 1922இல் ஐ.சி.எஸ். தேர்வு முதன்முறையாக இந்திய மண்ணில், அலகாபாத்தில் நடந்தது. பம்பாய்க்காரனும் பாட்னாக்காரனும் சென்னைக்காரனும் கப்பல் ஏறாமலே அதை எழுத முடிந்தது. லண்டனில் பெயர் அடிக்கப்பட்டு ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து, தமது எழுபத்து மூன்றாம் வயதில் சுரேந்திரநாத் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் மறைந்த மறு வருஷம் 1926இல் தேர்வாணையமும் இங்கேயே வந்தது. இன்று யு.பி.எஸ்.சி. என்கிறோமே, அதன் முன்னோடி அதுதான்.

நமக்கு என்ன?

நண்பர்களே, டிப்ளமா படிக்கிற நமக்கும் அந்த ஐ.சி.எஸ்.ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது. நாளைக்கு நம்மில் பாதிப் பேர் ரயில்வே, மின்வாரியம், பொதுப்பணித் துறை என்று ஏதோ ஒரு போட்டித் தேர்வு எழுதப் போகிறோம். அப்பா யார், எந்தத் தெரு, எந்தச் சாதி என்று திருத்துபவருக்குத் தெரியாது. விடைத்தாளில் இருப்பது வெறும் எண். செங்கல் சூளைக்காரர் மகனும் செயலாளர் மகனும் ஒரே எண் வரிசையில் நிற்கிற இடம் நம்ம நாட்டில் அதிகம் இல்லை. பரீட்சை ஹால் அப்படி ஓர் இடம். அது தானாக நமக்குக் கிடைத்துவிடவில்லை.

இன்று அதற்கு வேறு மாதிரி ஆபத்து. முன்கூட்டியே வெளியாகிற வினாத்தாள், ஆள் மாறாட்டம், பணம் வாங்கிக்கொண்டு திருத்தப்படும் விடைத்தாள். இவற்றைத் தடுக்க மத்திய அரசின் தேர்வுகளுக்கென்றே பொதுத் தேர்வுகள் முறைகேடு தடுப்புச் சட்டம் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது மூன்று வருஷம் ஜெயில், பத்து லட்சம் வரை அபராதம், கூட்டாகச் செய்தால் இன்னும் அதிகம். இருக்கட்டும். ஆனால் சட்டமும் பறக்கும் படையும் ஹால் வாசலில்தான் நிற்க முடியும். உள்ளே இருப்பது நாம்தான்.

பிட் அடிக்கிறவனைப் பார்த்து, பாவம் பொழைச்சுப் போகட்டும், நமக்கு என்ன நஷ்டம் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். நஷ்டம் உண்டு. தரவரிசைப் பட்டியலில் ஒருவர் தகுதி இல்லாமல் ஏறினால் தகுதியுள்ள இன்னொருவர் பெயர் சத்தமில்லாமல் அடிக்கப்படுகிறது. சுரேந்திரநாத்துக்காவது தன் பெயர் அடிக்கப்பட்டது தெரிந்தது, கோர்ட்டுக்குப் போனார். கிராமத்திலிருந்து வந்து, ராத்திரி கண் விழித்துப் படித்து, ஒரு மார்க்கில் வாய்ப்பை இழக்கிற பையனுக்கு, தன் பெயரை அடித்தது யார் என்றுகூடத் தெரியாது. அவன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கண் தெரியாத மாணவருக்கு எழுத ஆள் கொடுத்தாலோ, கை சரியில்லாதவருக்குக் கூடுதல் நேரம் கொடுத்தாலோ அது அநியாயம் என்று முணுமுணுக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் அந்த வெர்னியர் காலிப்பரைத்தான் காட்டுவேன். சுழிப்பிழையைக் கழிப்பதால் அளவின் தரம் குறைவதில்லை, அப்போதுதான் அளவே சரியாகிறது. கேள்வித்தாளின் தரத்தில் கை வைக்காமல், எழுதுகிறவரின் தடையை மட்டும் நீக்குவது. சுரேந்திரநாத் வாழ்நாள் முழுக்கக் கேட்டதும் அதைத்தானே!

வரப்போகிற வாரியத் தேர்வில் எல்லாரும் நன்றாக எழுதுங்கள். அரியர் இருப்பவர்கள் இந்த முறை முடித்துவிடுங்கள். வாங்குகிற மார்க் நாற்பதோ தொண்ணூறோ, அது நம்ம மார்க்காக இருக்கட்டும்.



மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்